விழாவும் பந்தியும்

வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளிடம் தமிழர் திருநாள்களை வரிசையாகச் சொல்லும்படி கேட்டால் சற்றே தடுமாறுவார்கள். பலகாரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாலோ தடையின்றி விடை வரும். கொழுக்கட்டை என்றால் பிள்ளையார் சதுர்த்தி. சுண்டல் என்றால் நவராத்திரி. பொரியுருண்டை என்றால் கார்த்திகை. களி என்றால் திருவாதிரை. கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் என்றால் தைத்திங்கள் முதல் நாள். நாள்காட்டியை நாவினால் அறிந்த தலைமுறை இது. இதனை எள்ளி நகையாடுவதற்கில்லை. எழுத்து மறந்த வீட்டிலும் சுவை மறப்பதில்லை என்பது ஊர்விட்டு ஊர் வந்த நாம் அனைவரும் கண்ட உண்மை. பேரனுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாத வீட்டிலும், மாவிளக்குக்கு மாவு இடிக்கும் பக்குவம் அறிந்த பாட்டி ஒருத்தி இருக்கிறாள்.

ஆகவேதான் நம் சங்க மலர்களில் விழா உணவைப் பற்றிய கட்டுரை ஒன்று எப்படியும் இடம் பெற்றுவிடுகிறது. அவற்றிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆற்றுப்படை நூல்களிலிருந்து ஒரு விருந்து, சிலம்பிலிருந்து ஒரு படையல், ஆண்டாள் பாசுரத்திலிருந்து ஓர் அக்காரவடிசில் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். இறுதியில் 'என்னே நம் முன்னோர் உண்ட வளம்!' என்று வியந்து முடிப்பார்கள். இத்தகைய பட்டியல்களால் பயனே இல்லை என்று சொல்லமாட்டோம். நோலை, புழுக்கல், பாசவல் போன்ற சொற்கள் இன்றும் நம் செவியில் விழுவதற்கு அவையும் காரணம். ஆனால் கவிஞன் எதற்காக அந்த உணவைப் பாட்டில் வைத்தான் என்ற கேள்வியை அக்கட்டுரைகள் எழுப்புவதில்லை. சமையற்குறிப்பு எழுதுவது அவன் நோக்கமாக இருந்திருக்க முடியாது அன்றோ?

இக்கேள்வியை மனத்திற் கொண்டு சில நூல்களை மீண்டும் படித்துப் பார்த்தோம். படித்தபின் தோன்றிய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலையில் இருப்பது என்ன என்பதைவிட, இலைக்கு முன்னே இருப்பவர் யார், வாராதவர் யார் என்பதிலேயே தமிழ்க் கவிஞர்களின் கண் நிலைத்திருக்கிறது. விழாவின் சிறப்பை அவர்கள் பந்தியைக் கொண்டே அளந்தார்கள். இதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நக்கீரர் காட்டும் இரண்டு இடங்கள்

அகநானூற்றின் 141ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. கார்த்திகை விளக்கு விழாவுக்குச் சான்றாக அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் பாட்டு இது. மழை ஓய்ந்த வானத்தில் முழுநிலவு கார்த்திகை மீன்களுடன் கூடுகிறது. தெருவெல்லாம் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, பழம்பெருமை வாய்ந்த ஊரில் மக்கள் பலரும் ஒன்றுகூடுகிறார்கள். இதே பாட்டில் புதுமணப்பெண் ஒருத்தி வாழும் வீட்டில் அடுப்பில் பாலுலை ஏற்றப்படுகிறது. இளமகளிர் புதுநெற்கதிரை முறித்துப் பசிய அவல் இடிக்கிறார்கள். உலக்கையின் ஓசைக்கு அஞ்சிச் சினைமுற்றிய வெண்குருகு வாழைமடலில் தங்காமல் மாமரத்துக்குப் பறக்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்து, 'விளக்கு விழாவன்று பாலும் அவலும் சமைத்து உண்டனர் நம் முன்னோர்' என்று எழுதிவிடுவது எளிது. பலர் அவ்வாறே எழுதியும் இருக்கிறார்கள்.

பாட்டை நிறுத்தி நிதானமாகப் படித்தால் வேறொன்று புலப்படும். பாலுலையும் அவலும் விழா நடக்கும் ஊரில் இல்லை. அவை கரிகாற் சோழனின் இடையாறு என்னும் வளமிக்க ஊரில் இருக்கின்றன. அந்த ஊரைப் போன்ற பெருஞ்செல்வத்தை ஈட்டி வருவதற்காகத் தலைவன் சுரம் கடந்து போயிருக்கிறான் என்பதே பாட்டின் போக்கு. விளக்கும் மாலையும் மக்கள் கூட்டமும் தலைவி இருக்கும் இடத்தில். கமழும் அடுப்பும் இடிபடும் அவலும் அவன் தேடிப்போன செல்வத்துக்குச் சொன்ன உவமையில். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்த நக்கீரர் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. சேர்த்து வைக்க வேண்டியவன் இன்னும் வந்து சேரவில்லை. தலைவி தோழியிடம் சொல்லும் விருப்பம் மிக எளியது: பலரோடும் கூடி இவ்விழாவைக் கொண்டாட அவர் வந்துவிட வேண்டும். அவன் கொண்டுவரும் செல்வத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பொருள்வயிற் பிரிந்தவர்கள் என்ற சொற்றொடரை நாம் பள்ளியில் இலக்கணமாகப் படித்தோம். பின்னர் அதுவே நம் வாழ்க்கையாயிற்று. ஆகவே இப்பாட்டு நம்மைப் பற்றியது. பிரிந்து சென்றவன் பக்கத்தில் வளமான அடுப்பு. விட்டுவந்த ஊரில் விளக்கும் கூட்டமும். இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சுரம்.

உயிரை அழைக்கும் விழா

சங்ககாலத்தை விட்டுப் பக்திப் பாடல்களுக்கு வருவோம். திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகம் திருநாள்களின் பட்டியலாகவே பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அங்கே விழாக்கள் பாட்டுக்கொன்றாக அணிவகுக்கின்றன. தைப்பூசப் பாட்டில் நெய் கலந்த சோற்றைச் சமைத்து மகளிர் கொண்டாடும் காட்சி வருகிறது. வரலாற்று ஆராய்ச்சிக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தப் பட்டியல் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் எண்ண வேண்டும். பாம்பு தீண்டி இறந்து, சாம்பலும் எலும்புமாகக் குடத்தில் வைக்கப்பட்ட சிவநேசரின் மகள் பூம்பாவையை விளித்துப் பாடியது இப்பதிகம் என்பது பெரியபுராண மரபு. இத்தனை விழாக்கள் இங்கே நடக்கையில் அவற்றைக் காணாமல் நீ செல்லலாமா என்பதே ஒவ்வொரு பாட்டும் அவளிடம் கேட்பது. உலகத்துக்குத் திரும்பி வா என்று அழைப்பதற்குச் சம்பந்தர் தத்துவம் எதையும் பேசவில்லை. ஊர்த் திருவிழாக்களைச் சொல்கிறார். அவற்றுள்ளும் முதற்பாட்டில் அவர் சொல்வது அடியார் கூட்டத்துக்கு அமுதிடும் காட்சி. பிற விழாக்களெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒருவர் இல்லாமல் பந்தி நிறையாது என்ற எண்ணமே இறந்தவளையும் பெயர் சொல்லி அழைக்கத் தூண்டுகிறது எனலாம்.

ஆண்டாளின் இரண்டு உணவுகள்

விழா உணவைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் திருப்பாவையின் 27ஆம் பாசுரம் தவறாது. மார்கழி 27ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி, வைணவக் கோயில்களிலும் இல்லங்களிலும் அக்காரவடிசில் படைப்பது இப்பாசுரத்தை ஒட்டியே. பாற்சோறு மறையும்படி நெய் பெய்து, அது முழங்கை வரை வழியும் காட்சியைக் கண்டு நாவூறாதார் இல்லை. ஆனால் இப்பாசுரத்தைத் தனியே பிரித்து எடுத்தால் பாதிதான் கிடைக்கும். அதனோடு இரண்டாம் பாசுரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே நோன்பு நோற்கும் பெண்கள் நெய் உண்ணமாட்டோம், பால் உண்ணமாட்டோம், மையிட்டுக்கொள்ளமாட்டோம், மலர் சூடமாட்டோம் என்று ஒன்றொன்றாக விலக்குகிறார்கள். எதையெதை அங்கே விலக்கினார்களோ அவற்றுள் நெய்யும் பாலும் இங்கே வெள்ளமாகத் திரும்பி வருகின்றன. இடையிலே இருப்பவை 24 பாசுரங்கள். அந்த இடைவெளியில்தான் சுவை விளைகிறது. நாள்தோறும் நெய்யுண்பவனுக்குத் திருநாளின் நெய் வெறும் நெய்யே.

இன்னொன்றும் கருதத்தக்கது. தாம் உண்ணாத அந்த நோன்பு நாளிலும் வேண்டி வந்தவர்க்கு இயன்ற அளவும் ஈவதை அப்பெண்கள் கைவிடவில்லை. இரண்டாம் பாசுரத்திலேயே அதுவும் சொல்லப்படுகிறது. விருந்துப் பாசுரமும் நெய்யோடு முடியவில்லை. எல்லாரும் கூடியிருந்து உள்ளம் குளிர்வதில் முடிகிறது. நெய் வழியும் முழங்கை ஒருத்தியின் முழங்கை அன்று. தெருவெல்லாம் எழுப்பி அழைத்துவந்த தோழியர் அனைவரின் முழங்கை. முன்னைய பாசுரங்களில் உறங்கியவளை விட்டுவிட்டுப் போகாமல் வாசல் வாசலாக நின்று எழுப்பியது எதற்காக என்பது இங்கே விளங்குகிறது. ஒருத்தி குறைந்தாலும் இந்த விருந்து நிறைவுறாது.

ஆண்டாள் இன்னோர் உணவையும் பாடியிருக்கிறார். நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு 100 தடா வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறார். அவை அடுப்பில் ஏறியவை அல்ல; வாக்கினால் நேர்ந்தவை மட்டுமே. அவன் இன்று வந்து ஏற்றுக்கொள்வானோ என்பது அவருடைய ஏக்கம். பிற்காலத்தில் இராமாநுசர் அந்த நேர்த்தியைத் தாமே நிறைவேற்றினார் என்றும், அதனால் மகிழ்ந்த ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தார் என்றும் குருபரம்பரை வழங்குகிறது. சொல்லில் சமைத்த உணவு தலைமுறைகள் கடந்தும் ஆறாமல் இருந்து, வேறொருவர் கையால் பந்திக்கு வந்தது என்பது எத்துணை அழகிய செய்தி! ஊரில் தாய் சமைத்ததை வெளியூரில் நாவினாற் பேசியே உண்ணும் நமக்கு இச்செய்தியில் ஓர் ஆறுதலும் உண்டு. ஒரு கடமையும் உண்டு.

இரட்டைக் காப்பியங்களில் ஒரே வாழ்த்து

உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு இந்திரவிழாப் பகுதியில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சிலம்பில், புகார் நகரின் காவற்பூதத்துக்கு முதிய மறக்குடிப் பெண்டிர் புழுக்கலும், உரையாசிரியர் எள்ளுருண்டை என்று விளக்கும் நோலையும், பொங்கலும் படைத்துத் துணங்கையும் குரவையும் ஆடுகிறார்கள். முடிவில் பசியும் நோயும் பகையும் நாட்டை விட்டு நீங்கட்டும், மழையும் வளமும் பெருகட்டும் என்று வாழ்த்துகிறார்கள். மணிமேகலையின் முதற்காதையிலே அதே விழாவை முரசறைந்து அறிவிப்பவன் ஏறத்தாழ அதே சொற்களில் அதே வாழ்த்தைக் கூறுகிறான். கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள் என்று 28 நாள் விழாவுக்கு ஊரை அணிசெய்யச் சொல்பவனும் அவனே.

விழாவின் வாழ்த்தில் முதலிடம் பெறுவது பசி நீக்கம் என்பதை இரு காப்பியங்களும் ஒருங்கே சொல்கின்றன. ஆனால் மணிமேகலை அத்துடன் நிற்கவில்லை. அந்த வாழ்த்து மெய்யாகியதா என்பதைச் சாத்தனார் காப்பியம் முழுவதும் சோதித்துப் பார்க்கிறார் என்பது எம் கருத்து. விழா எடுக்கும் அதே நகரத்தில், ஊரம்பலமாகிய உலகவறவியில், பசித்தோர் கூட்டம் காத்துக் கிடக்கிறது. முரசறைந்து பசியைப் போக்க முடியாது என்பதை அவர் நயமாக உணர்த்துகிறார். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைப்பதும் ஒரு திருநாளில்தான். புத்தர் தோன்றிய வைகாசி விசாகத்தன்று மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் அது மேலே வருகிறது. அதில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. முதல்முதல் பசி தீர்ந்தவள் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயுற்ற காயசண்டிகை. ஆடலும் பாடலும் இல்லாத இந்தச் சோறிடும் காட்சிதான், அந்த நகரம் கொண்டாடியதெல்லாவற்றிலும் பெரிய விழாவாக நமக்குத் தோன்றுகிறது.

இப்பாத்திரத்தை அதற்கு முன் வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இன்னும் ஆழமானது. மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் அள்ளி அள்ளி இட்டவன் அவன். இந்திரன் மழை பெய்வித்தான், நாடு செழித்தது, உண்ண வருவார் இல்லாமற் போயினர். பசித்தோர் உண்டோ என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறியவன், வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். கையில் குறையாத பாத்திரம். எதிரே ஒருவரும் இல்லை. பல்லுயிரைக் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு என் ஒருயிரை மட்டும் காத்துக்கொள்வேனோ என்று கருதி, அதனைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். நிறைந்த பாத்திரத்துக்கு முன்னே பட்டினியால் இறந்த ஒருவனைப் படைத்துக் காட்டிய சாத்தனாரை, சோறின் பெருமையைப் பாடிய புலவர் என்று மட்டும் சொல்வது போதாது. பந்தி இல்லாத சோறு சோறாகாது என்று சொன்னவர் அவர்.

காப்பியம் முடிவதற்குள் புகார் நகரம் அழிந்துவிடுகிறது. மகனைக் காணாத துயரத்தில் மன்னன் இந்திரவிழாவை மறந்தான். கடல் நகரத்தை விழுங்கியது. விழாவும் போயிற்று, விழா நடந்த ஊரும் போயிற்று. ஆனால் பாத்திரம் அழியவில்லை. அது மணிமேகலையின் கையில் பஞ்சம் வாட்டும் காஞ்சிக்குச் செல்கிறது. அங்கே உண்ண வந்தவர்களைச் சாத்தனார் வரிசைப்படுத்துகிறார்: பதினெட்டு மொழி பேசும் மக்கள், அவர்களுள்ளும் கண்ணில்லாதார், செவி கேளாதார், கால் முடமானார், பேணுவார் இல்லாதார். பெற்றெடுத்த ஊரை விட்டுவந்த ஒரு பெண், புதிய ஊரில் வேற்றுமொழியாளர்க்கும் சேர்த்துப் பந்தி விரிக்கிறாள். ஊரை விட்டுவந்தவர்களுக்கென்று எழுதப்பட்ட காப்பியம் ஒன்று தமிழில் உண்டென்றால் அது மணிமேகலையே என்று துணிந்து கூறலாம்.

தாயம்மாளின் தீபாவளி

பழைய நூல்களில் மட்டும் இந்நோக்கு இருந்தது என்று எண்ண வேண்டா. கு.அழகிரிசாமி (1923-1970) எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதை நம்மிற் பலர் படித்ததே. அவருக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது 'அன்பளிப்பு' என்னும் தொகுப்புக்காக அவர் மறைந்தபின் வழங்கப்பட்டது. தீபாவளியை வைத்து எழுதப்பட்ட கதைகள் தமிழில் ஏராளம். தீபாவளி மலர்களே அதற்குக் களம். அவற்றுள் இக்கதை தனித்து நிற்பதற்குக் காரணம் உண்டு.

தாயம்மாள் தன் குழந்தைகளுக்கே போதுமான அளவு இல்லாத ஏழை. தீபாவளியை ஒட்டி அவள் வீட்டு வாசலுக்கு ஆதரவற்ற சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். அவனையும் தன் மக்களோடு மகனாக அணைத்து, உணவிட்டு, திருநாளன்று குளிப்பாட்டி, இருப்பதில் ஒரு துணியையும் கொடுக்கிறாள். அவன் பெயர் ராஜா. ஊரின் செல்வர் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வேறொரு 'ராஜா' வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் அதைச் சொல்லிப் பெருமையடித்தபோது, தாயம்மாளின் மகள் மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சற்றும் கள்ளமின்றிச் சொல்கிறாள்.

இக்கதையைப் பலரும் வறுமையின் சித்திரம் என்று பாராட்டுவார்கள். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. செல்வர் வீட்டில் என்ன பலகாரம் செய்தார்கள் என்று கதை நமக்குக் கணக்குக் காட்டுவதில்லை. இரு வீடுகளுக்கும் விருந்தினர் வந்திருக்கிறார் என்பதையே அது ஒப்பிடுகிறது. மங்கம்மாளின் வாக்கில் ஏழ்மையின் குறை துளியும் இல்லை; விருந்தாளி வந்த வீட்டின் நிமிர்வு இருக்கிறது. சாத்தனாரின் காஞ்சிக்கும் அழகிரிசாமியின் கரிசற்காட்டுக் குடிசைக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள். ஆனால் விழாவை அளக்கும் கோல் மாறவில்லை.

நம் பந்தி

இதுவரை சொன்னது நூல்களைப் பற்றி. இனி நம்மைப் பற்றியும் சிறிது சொல்லாவிடில் இக்கட்டுரை நாம் குறைகூறிய கட்டுரைகளில் ஒன்றாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பணி மாற்றலில் சென்ற நகரமொன்றில் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கோலப்போட்டி, பட்டிமன்றம், பின்னர் விருந்து. உணவுச்சீட்டு வாங்கியவர்கள் வரிசையில் நின்றோம். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், வடை, அவியல் என எதிலும் குறையில்லை. கைகழுவும் இடத்தருகே எச்சிற் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் தன் சிறுவனை அதட்டிய குரல் கேட்டது. விழுப்புரம் பக்கத்துத் தமிழ். சிறுவன் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் கைவைத்தபடி இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வயதான எங்கள் மகள், "அப்பா, அவங்களும் தமிழ்தானே, அவங்க ஏன் உட்காரலை?" என்று கேட்டாள். கேட்டும் கேளாதவர் போல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தோம். அந்த நகர்வை இன்றுவரை மறக்க முடியவில்லை. எந்த ஏற்பாட்டாளரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பந்தியில் அமர்ந்திருந்தவர்கள் நாம், அகநானூறும் மணிமேகலையும் படித்தவர்கள் நாம், நகர்ந்ததும் நாமே.

தலைநகரிலும் பிற பெருநகரங்களிலும் நம் பண்டிகைகள் முன்னைவிடச் சிறப்பாகவே நடைபெறுகின்றன. பச்சரிசிக்கும் வெல்லத்துக்கும் பேருந்து மாறி மாறி அலைந்த காலம் போய், எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது. இலையின் வளம் கூடியிருக்கிறது. பந்தியின் நீளம் கூடியிருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்லத் தயங்குகிறோம். ஒரே மொழி பேசியும் அலுவலர் குடும்பங்கள் ஒரு விழாவிலும், கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த குடும்பங்கள் வேறொரு விழாவிலும் பொங்கலிடுகின்றன. பால் இரண்டு இடத்திலும் பொங்குகிறது. குலவையும் இரண்டு இடத்திலும் கேட்கிறது. நடுவே இருக்கும் தெருவைக் கடப்பார்தாம் இல்லை. நக்கீரர் பாட்டில் தலைவனையும் தலைவியையும் பிரித்தது பெருஞ்சுரம். நம்மைப் பிரிப்பது ஒரு தெரு.

வேற்றுமொழி அயலாரிடம் நாம் இந்த அளவுக்குத் தயங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியில் ஜனவரி 13ஆம் நாள் மாலை பஞ்சாபியர் லோடி கொண்டாடித் தீமூட்டி, நிலக்கடலையும் பொரியும் எள்ளும் வெல்லமும் சேர்ந்த இனிப்பும் வழங்குவார்கள். நம் போகியும் அதனை ஒட்டியே வரும். அவர்கள் கொடுத்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்று மறுநாள் சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. எள்ளும் வெல்லமும் கலந்த அவர்கள் பண்டத்தைச் சுவைக்கையில் சிலம்பின் நோலை நினைவுக்கு வருகிறது. காஞ்சியில் பதினெட்டு மொழியினர்க்கு இட்ட கை இங்கே மூடிக்கிடக்கவில்லை என்று மகிழலாம். அயல்மொழியார்க்கு நீளும் கை, பாத்திரம் தேய்க்கும் நம் மொழிக்காரர் வரை நீளாமல் போவது ஏன் என்பதே நம் கேள்வி.

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. பந்தல் போட்டவரும், அடுப்பு மூட்டியவரும், பாத்திரம் துலக்க வந்தவரும், அவர்தம் குழந்தைகளும் முதற்பந்தியில் அமரட்டும். சீட்டு வாங்கிய நாம் இரண்டாம் பந்தியில் அமர்வோம். திருப்பாவைப் பெண்கள் 24 பாசுரங்கள் காத்திருந்தார்கள். நம்மால் அரைமணி நேரம் காத்திருக்க முடியாதா? காத்திருக்கும் அந்த நேரத்தில் நம் குழந்தைகளுக்குச் சொல்வதற்குக் கதையும் உண்டு. நிறைந்த பாத்திரத்தோடு தனியே நின்ற ஆபுத்திரனின் கதையை எந்தக் குழந்தையும் கேட்கும்.

இங்கே ஔவையாரின் நல்வழிக் கடவுள் வாழ்த்து நினைவுக்கு வருகிறது. பிள்ளையாருக்குப் பால், தேன், பாகு, பருப்பு என நான்கு உணவுகளைக் கலந்து கொடுத்து, அவற்றுக்கு ஈடாகச் சங்கத்தமிழ் மூன்றையும் கேட்கிறார் அவர். உணவைக் கொடுத்துத் தமிழைப் பெறும் வாணிகம் அது. நாமும் திருநாள் தோறும் நம் பிள்ளைகளுக்குப் பாலும் பாகும் பருப்பும் குறைவின்றிக் கொடுக்கிறோம். தமிழைக் கேட்டுப் பெறத்தான் மறந்துவிடுகிறோம். சுவையோடு நின்றுவிட்ட விழா அவர்கள் காலத்தோடு கடைப்பலகாரமாகிவிடும். சுவையோடு கதையும், கதையோடு பந்தியும் சேர்ந்தால் அது அவர்கள் பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும்.

எங்கள் மகள் கேட்ட கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்; கேட்டதை மறந்தும் இருக்கலாம். வரும் தைத்திங்கள் முதல்நாள் விழாவில் பரிமாறுவோர் வரிசையில் அவளும் நாங்களும் வாளியேந்தி நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதற்பந்தி முடிந்து கடைசி இலை எடுக்கப்பட்டபின் நாங்கள் உட்காருவோம். அப்போது பொங்கல் சற்று ஆறியிருக்கும். அதனால் சுவை குறையாது என்று நம்புகிறோம்.